அவசரப்பட்டு அப்பீல் போகலாமா? அமெரிக்க மருத்துவமனைப் பற்றுரிமை வழக்குகள்: ஓர் எளிய விளக்கம்

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வரும் பெற்றோர் நம் ஊரில் ஏராளம். அங்கே சாலை விபத்தில் சிக்கி ஆஸ்பத்திரியில் சேர்ந்தால், மருத்துவ பில் ஒரு பக்கம், இழப்பீட்டு வழக்கு ஒரு பக்கம் என இரண்டும் பின்னிக்கொள்ளும். இழப்பீடு வந்தும் பணம் கைக்கு வராமல் நிற்பதற்கு முக்கியக் காரணம் 'ஹாஸ்பிடல் லீன்', அதாவது மருத்துவமனைப் பற்றுரிமை.

பற்றுரிமை என்றால் என்ன?

விபத்தை உண்டாக்கியவரிடமிருந்தோ அவரது காப்பீட்டு நிறுவனத்திடமிருந்தோ உங்களுக்கு வரும் இழப்பீட்டின் மேல், சிகிச்சை தந்த மருத்துவமனை பதிவு செய்துகொள்ளும் உரிமை இது. உங்கள் வீட்டின் மேலோ வங்கிக் கணக்கின் மேலோ அல்ல. வரப்போகும் இழப்பீட்டின் மேல்.

இதற்கான சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. இல்லினாய் மாநிலத்தில் எல்லாப் பற்றுரிமைகளும் சேர்ந்து இழப்பீட்டில் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. டென்னசியில் மூன்றில் ஒரு பங்குதான் உச்சவரம்பு. டெக்சாஸில் விபத்து நடந்த 72 மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் சேர்ந்திருக்க வேண்டும்.

வழக்குகளை ஏன் ஒன்றாகச் சேர்க்கிறார்கள்?

ஓர் உதாரணம். ஒரே மருத்துவமனை மீது நான்கு நோயாளிகள் வழக்குப் போடுகிறார்கள். "எங்களிடம் மருத்துவக் காப்பீடு இருந்தும், அதற்கு பில் அனுப்பாமல் முழுத் தொகைக்கும் பற்றுரிமை பதிந்துவிட்டார்கள்" என்பது நால்வரின் புகாரும். கேள்வி ஒன்றே என்பதால் நீதிமன்றம் நான்கையும் ஒருங்கிணைத்து விசாரிக்கிறது. முதல் கட்டத்தில், "பற்றுரிமை செல்லாது. எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்பதைப் பிறகு முடிவு செய்வோம்" என்று நீதிபதி உத்தரவிடுகிறார். மருத்துவமனை உடனே அப்பீல் போகிறது.

மேல்முறையீட்டு நீதிமன்றம் என்ன செய்யும்? யார் பக்கம் நியாயம் என்று பார்க்காமலேயே தள்ளுபடி செய்துவிடும்.

ஏன் அப்படி?

அமெரிக்கக் கூட்டரசு நீதிமன்றங்களில் பொதுவிதி, இறுதித் தீர்ப்பின் மேல்தான் அப்பீல். பொறுப்பு யாருடையது என்று சொல்லி, தொகையைச் சொல்லாத உத்தரவு இறுதியானது அல்ல. 1976-இல் லிபர்ட்டி மியூச்சுவல் எதிர் வெட்செல் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. அந்த வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் விசாரித்துத் தீர்ப்பே சொல்லிவிட்டது. ஆனாலும், விசாரிக்க அதற்கு அதிகாரமே இல்லை என்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கிவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். இப்படித் தள்ளுபடி ஆனால் வழக்கில் தோற்றதாக அர்த்தம் இல்லை. கீழ் நீதிமன்ற உத்தரவு சரி என்றும் அர்த்தம் இல்லை. வழக்கு திரும்பவும் கீழே போகும். இறுதித் தீர்ப்பு வந்த பிறகு அதே கேள்வியை மறுபடி எழுப்பலாம். வீணானது காலமும் வக்கீல் செலவும்தான். அதுவரை நோயாளியின் பணமும் முடங்கிக் கிடக்கும்.

அப்படின்னா எல்லாம் முடியும்வரை காத்திருக்கலாமா?

அதுவும் ஆபத்துதான். 2018-இல் ஹால் எதிர் ஹால் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது இது: ஒன்றாகச் சேர்த்து விசாரித்தாலும் ஒவ்வொரு வழக்கும் தனித்தனி வழக்கே. நம் உதாரணத்தில் ஒரு நோயாளியின் வழக்கு மட்டும் முழுசா முடிந்துவிட்டால், மற்ற மூன்றும் நிலுவையில் இருந்தாலும் அந்த வழக்குக்கான அப்பீல் கெடு ஓடத் தொடங்கிவிடும். தனியார் இடையிலான சிவில் வழக்குக்கு அது பொதுவாக 30 நாள். "மற்றதும் முடியட்டும்" என்று இருந்தால் உரிமை கைநழுவிப் போகலாம்.

இடையிலேயே அப்பீல் போக வழி உண்டா?

இரண்டு முக்கிய வழிகள் உண்டு:

• ஒரே வழக்கில் பல கோரிக்கைகளோ பல தரப்பினரோ இருந்து, ஒரு பகுதி முழுமையாக முடிந்துவிட்டால், "தாமதிக்க நியாயமான காரணம் இல்லை" என்று குறிப்பிட்டு அந்தப் பகுதிக்கு மட்டும் நீதிபதி இறுதித் தீர்ப்பு தரலாம்.

• முக்கியமான சட்டக் கேள்வி என்று நீதிபதி எழுத்தில் சான்றளித்தால், 10 நாளுக்குள் மேல்முறையீட்டு நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கலாம். தருவதும் மறுப்பதும் அவர்கள் விருப்பம்.

இவை கூட்டரசு நீதிமன்ற விதிகள். பற்றுரிமை வழக்குகள் பெரும்பாலும் மாநில நீதிமன்றங்களிலேயே நடப்பதால், அந்த மாநிலத்தின் விதியைத் தனியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் நாட்டு வழக்கம் இதில் வேறு. இங்கே உரிமையியல் வழக்கில் முதனிலைத் தீர்ப்பாணை வந்தால் அப்போதே மேல்முறையீடு செய்ய வேண்டும். விட்டுவிட்டு, இறுதித் தீர்ப்பாணையின் அப்பீலில் அதைக் கிளற முடியாது. ஆகவே ஊர் அனுபவத்தை வைத்து அங்கே முடிவெடுக்காதீங்க.

நீங்கள் செய்ய வேண்டியவை

• மருத்துவமனையில் சேரும்போதே காப்பீட்டு விவரத்தைக் கொடுத்து, கொடுத்ததற்கு அத்தாட்சி வைத்துக்கொள்ளுங்கள்.

• சமரசத் தொகைக்குக் கையெழுத்திடும் முன், பற்றுரிமை ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பணம் கட்டி முடித்ததும் விடுவிப்புக் கடிதம் வாங்குங்கள்.

• ஒவ்வொரு உத்தரவு வந்ததும் வக்கீலிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: "இது இறுதித் தீர்ப்பா? கெடு எந்தத் தேதி?" பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.