பதினேழு வயது இதழாசிரியர்

ஓர் இதழைத் திட்டமிடுவோர், எவற்றைச் சேர்ப்பது என்பதைவிட எவற்றை விலக்குவது என்பதையே முதலில் முடிவு செய்தல் வேண்டும். 1960களில் அமெரிக்கப் பதின்பருவத்தினருக்கான இசை இதழ்கள் பெரும்பாலும் பாடகர்களின் படங்களையும் வம்புச் செய்திகளையும் நம்பியே விற்றன. பாடலைப் பற்றிய ஆய்வு அவற்றில் அரிது. பென்சில்வேனியா மாநிலத்துச் சுவார்த்மோர் கல்லூரியில் பயின்ற பால் வில்லியம்ஸ் என்னும் 17 வயது மாணவர், 1966 பிப்ரவரியில் ‘கிராடாடி’ என்னும் ராக் இசை இதழைத் தொடங்கினார். அழகுப்படங்களும் துணுக்குச் செய்திகளும் இடம்பெறா, இசைத் திறனாய்வே இடம்பெறும் என முதல் இதழிலேயே அறிவித்தார்.

வடிவமைப்பும் அம்முடிவுக்கு இயைந்தது. மெழுகுத்தாளில் தட்டச்சு செய்து, சைக்ளோஸ்டைல் பொறியில் உருட்டியெடுத்த சில தாள்களே இதழ். அம்முறையில் ஒளிப்படம் தெளிவாக விழாது. எழுத்து நன்றாகவே விழும். கையில் பணமில்லாமையும் கொள்கையும் இவ்வாறு ஒத்துப்போவது அரிதுதான். அறிவியல் புனைகதை ஆர்வலர்களின் சிற்றிதழ்களில் பெற்ற பழக்கமும் அவருக்குக் கைகொடுத்தது.

இளையோர் ஆழ்ந்த கட்டுரையைப் படிப்பார்களா என்னும் ஐயம் அவருக்கு எழவில்லை, அவரும் அவ்வயதினரே. ‘சவுண்ட்ஸ் ஆஃப் சைலன்ஸ்’ இசைத்தட்டைப் பற்றி அவர் எழுதிய திறனாய்வைப் படித்த பால் சைமன், மாணவர் விடுதிக்கே தொலைபேசியில் அழைத்துப் பாராட்டினார். புகழ்பெற்ற ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் வெளிவந்தது அதற்கடுத்த ஆண்டு நவம்பரில்தான்.