முள் சிவப்பைத் தொட்டபோது

தீபாவளிக்கு முந்திய ஞாயிறு மாலை. சிராங்கூன் சாலையில் கார்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. தேக்கா சந்தையைத் தாண்டுவதற்குள் எங்கள் காரின் ஏர்கான் வெறும் காற்றை வீசத் தொடங்கியது. பின்னிருக்கையில் அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டார். வெப்பமானியைப் பார்த்தேன். முள் சிவப்புக் கோட்டை நெருங்கியிருந்தது.

காருக்கு 13 வயது. ‘சிஓஇ’யை 5 ஆண்டுக்குத்தான் நீட்டித்திருந்தோம். அதை மறுபடி நீட்டிக்க முடியாது. 10 வயதைக் கடந்த காருக்குச் சாலை வரியும் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போகும். இந்த நிலையில் இன்ஜின் போய்விட்டால், மிச்சமிருக்கும் 2 ஆண்டுக்காகச் செலவு செய்வதா, காரையே கழித்துவிடுவதா?

ஏர்கானை அணைத்து, ஹீட்டரை முழுவேகத்தில் வைத்து, சன்னல்களைத் திறந்தேன். சிங்கப்பூரில் ஹீட்டரா என்று அம்மா கேட்டார். இன்ஜினின் சூட்டில் கொஞ்சத்தை அது வெளியே இழுத்துவிடும். பக்கத்துத் தெருவில் நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். ரேடியேட்டர் மூடியைத் தொடவில்லை. உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் 100 டிகிரியைத் தாண்டியும் கூலன்ட் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்தால் அழுத்தம் குறைந்து, கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும்.

(விரைவுச்சாலையில் இப்படி நின்றால், நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இழுவை வண்டி அருகிலுள்ள குறிப்பிட்ட கார் நிறுத்துமிடம் வரை இலவசமாகக் கொண்டுவிடும்.)

முதலில் போன பட்டறையில் ரேடியேட்டரையே மாற்றச் சொன்னார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். ஊபியில் இருக்கும் இன்னொரு மெக்கானிக் கருவியை எடுக்குமுன் ஒரு கேள்வி கேட்டார்: “நெரிசல்ல சூடாகுதா, வேகமா போறப்ப சூடாகுதா?”

பாதி விடை அந்தக் கேள்வியிலேயே இருந்தது. விரைவுச்சாலையில் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நிற்கும்போது மின்விசிறிதான் கதி. நெரிசலில் மட்டும் முள் ஏறி, ஏர்கானும் கூடவே தளர்ந்தால் முதல் சந்தேகம் விசிறிமேல். வேகத்தில் சூடானால் அடைபட்ட ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், நீர் பம்ப் என்று தேட வேண்டும். வெளியே கசிவில்லாமல் கூலன்ட் குறைந்து, எண்ணெய் மூடிக்கடியில் பால்போல் படிந்திருந்தால் ஹெட் கேஸ்கெட் பழுதாகியிருக்கலாம். பழைய காரில் பர்ஸைக் காலிசெய்வது அதுதான்.

இன்ஜினை ஓடவிட்டு ஏர்கானைப் போட்டார். விசிறி சுழலவில்லை. பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுத்ததும் சுழன்றது. மோட்டார் நல்லபடி இருந்தது; கெட்டது கட்டைவிரல் அளவுள்ள ரிலே. அதையும், ரப்பர் தேய்ந்திருந்த ரேடியேட்டர் மூடியையும் மாற்றினார். எண்ணெயில் கலப்பில்லை. அன்று இன்னும் சிறிது தூரம் ஓட்டியிருந்தால் அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்திருக்கலாம் என்றார்.

தீபாவளியன்று அதே சாலை, அதே நெரிசல். முள் நடுவிலேயே நின்றது. ஆனாலும் அம்மா அடிக்கடி எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்.