பாறை வெடிப்பில் ஓடும் தண்ணீர்

ஹைதராபாத் நகரக் குழாய்களில் வரும் குடிநீரில் பெரும் பங்கு கிருஷ்ணா நதியினுடையது. நாகார்ஜுனசாகர் நீர்த்தேக்கத்திலிருந்து நல்கொண்டா மாவட்டத்து அக்கம்பல்லி ஏரிக்கு ஏற்றப்பட்டு, கோதண்டாபூரில் சுத்தம் செய்யப்பட்டு, 2004-ஆம் ஆண்டு முதல் அந்தத் தண்ணீர் நகருக்கு வருகிறது.

அதே நாகார்ஜுனசாகரின் கரையை அடுத்து லம்பாபூர், பெத்தகட்டு என்ற சிற்றூர்கள் உள்ளன. ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அணுக் கனிமத் துறையினர் அங்கே பூமிக்கடியில் யுரேனியம் இருப்பதைக் கண்டறிந்தனர். யுரேனியம் கார்ப்பரேஷன் சுரங்கம் அமைக்கத் திட்டமிட்டது. 2003 ஆகஸ்டில் நடந்த பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் பலத்த எதிர்ப்புக் கிளம்பியது. 2005-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி அளித்தது. ஆயினும் சுரங்கம் இதுவரை தோண்டப்படவில்லை.

எதிர்ப்புக்கு முக்கியக் காரணம் தண்ணீர். அதை விளங்கிக்கொள்ளப் பூமியின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நெய்வேலியும் நல்கொண்டாவும்

நெய்வேலியில் நிலக்கரிப் படுகைக்குக் கீழே மணற்படுகை. அதில் தண்ணீர் பெரும் அழுத்தத்துடன் தேங்கி நிற்கிறது. இரவு பகலாக பம்புகளை ஓட்டி அழுத்தத்தைக் குறைத்தால்தான் சுரங்கத்தில் வேலை நடக்கும். அங்கே மணல் பரந்து கிடப்பதால் தண்ணீரின் போக்கை ஓரளவு கணக்கிட முடிகிறது.

தெலுங்கானாவில் நிலைமை வேறு. இங்கு அடித்தளம் கருங்கல் பாறை. மேலே சில மீட்டர் ஆழத்துக்கு உளுத்த பாறை. அதற்குக் கீழே வெடிப்பு விட்ட பாறை. அதற்கும் கீழே கெட்டிக் கல். தண்ணீர் உளுத்த பாகத்திலும் வெடிப்புகளிலும்தான் நிற்கும். ஒரு வீட்டு போர்வெல்லில் தண்ணீர் கொட்ட, பக்கத்து வீட்டில் புழுதி மட்டுமே கிளம்புவதை ஹைதராபாத்தில் வீடு கட்டிய நம்மவர்கள் பலரும் கண்டிருப்பார்கள். வெடிப்பு எங்கே செல்கிறதோ அங்கேதான் தண்ணீரும் செல்லும்.

லம்பாபூர் பக்கம் இந்தக் கருங்கல்லின் மீது ஸ்ரீசைலம் குவார்ட்சைட் என்ற கெட்டியான மணற்பாறை மூடியிருக்கிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தை ஒட்டியே யுரேனியம் காணப்படுகிறது. பாறைக்குள் அடைபட்டிருக்கும் வரை அது பெரும்பாலும் அசையாது. தோண்டும்போது காற்று உள்ளே புகும்; காற்றுப் பட்ட தண்ணீரில் யுரேனியம் எளிதில் கரையும். நம் நாட்டுத் தாதுவில் ஆயிரம் கிலோவுக்கு ஒரு கிலோ யுரேனியம் கிடைப்பதே அரிது. மீதி எல்லாம் கழிவாக, ரேடியத்துடன், வெகுகாலம் பாதுகாக்கப்பட வேண்டியது.

சுரங்கம் காய்ந்திருக்கப் போவதில்லை; ஊற்றுத் தண்ணீரை இறைத்தே தீர வேண்டும். அப்போது சுற்றிலுமுள்ள தாண்டாக்களின் கிணறுகள் வற்றக்கூடும். பாறை தண்ணீரை எப்படிக் கெடுக்கும் என்பது நல்கொண்டா மக்களுக்குப் புதிதல்ல. கருங்கல்லிலிருந்து கரைந்து வந்த ஃப்ளோரைடு அங்கே தலைமுறைகளின் எலும்பை வளைத்திருக்கிறது.

முன்னதாக அளக்க வேண்டியவை

வெடிப்புகளின் போக்கை அறிய வழிகள் உண்டு. இரும்புக் கம்பிகளை நிலத்தில் ஊன்றி மின்சாரம் செலுத்தினால், ஈரமான பாறையும் காய்ந்த பாறையும் வெவ்வேறு தடை காட்டும். ஒரு கிணற்றில் நாள்கணக்கில் இறைத்து, சுற்றுக் கிணறுகளில் மட்டம் இறங்குவதைக் குறிப்பதும் உண்டு. இத்தகைய ஆய்வில் தேர்ந்த தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையம் 1961 முதல் ஹைதராபாத்திலேயே இயங்கி வருகிறது.

2019 செப்டம்பரில் நல்லமலைக் காடுகளில் யுரேனியம் எடுக்கக் கூடாதென்று தெலுங்கானா சட்டசபை தீர்மானம் நிறைவேற்றியது. ஆனால் மின்சாரத் தேவை வளரும்போது இத்தகைய திட்டங்கள் மீண்டும் பேசப்படும். ஆகவே ஒவ்வொரு கிணற்றின் நீர்மட்டத்தையும், தண்ணீரில் கரைந்துள்ள பொருள்களையும் கோடையிலும் மழைக்குப் பின்னும் அளந்து, கிராமத்தார் கையில் ஒரு பிரதி கொடுத்து வைப்பது அவசியம். இன்றைய அளவு தெரியாவிட்டால், நாளை தண்ணீர் கெட்டது என்று முறையிடும் குடியானவனிடம் அதை நிரூபிக்க எதுவும் இருக்காது. அந்தக் கணக்கு, குழாயடியில் குடத்துடன் நிற்கும் நகரவாசிக்கும் தேவைப்படும்.