இலச்சினையும் பொறுப்பும்: சூழல்சார் நிறுவனங்களின் அடையாளம் குறித்து

இலச்சினை என்பது முத்திரையைக் குறிக்கும் பழஞ்சொல். ஓலையிற் பதிக்கப்பட்ட இலச்சினை, அதன் வாசகத்துக்கு உரியவர் யார் என்பதை உணர்த்திற்று. இன்று வணிக நிறுவனங்களின் குறியீட்டுக்கும் அச்சொல்லையே வழங்குகின்றோம். ஆயின் சொல்லுடன் பொறுப்பும் கூடவே வந்துள்ளதா? சூழல்நலம் பேணுவதாகக் கூறும் நிறுவனங்களைப் பொறுத்தவரை இவ்வினா கூர்மை பெறுகின்றது.

வரைதல் தொடர்பான விதிகள் எளியவை. குறியானது ஒரே நிறத்தில் அச்சிடினும், விரல்நகமளவு சுருக்கினும் சிதையாது நிற்றல் வேண்டும். 1961இல் உலக வனவிலங்கு நிதியம் பண்டாவைத் தெரிவுசெய்தபோது, கறுப்பு வெள்ளை அச்சின் செலவுக் குறைவும் கருத்திற் கொள்ளப்பட்டது. சிக்கனமே அழகாக அமைந்த நிகழ்வு அது எனலாம்.

இத்துறையிற் பெரிதும் அறியப்பட்ட குறி, மூன்று அம்புகள் ஒன்றையொன்று துரத்தும் மீள்சுழற்சிக் குறியாகும். முதலாவது புவி நாள் கொண்டாடப்பெற்ற 1970ஆம் ஆண்டில், ஐக்கிய அமெரிக்காவின் கொன்ரெயினர் கோர்ப்பரேசன் என்னும் அட்டைப்பெட்டி நிறுவனம் மாணவரிடையே ஒரு போட்டியை நடாத்தியது. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக மாணவரான கேரி அன்டர்சன் அதில் வென்றார். ஒரே பக்கமுடைய மோபியஸ் பட்டியே அவரது வடிவத்துக்கு அடிப்படை. தொடக்கமும் முடிவுமற்ற சுழற்சியை அது காட்டிற்று. போட்டியை நடாத்திய நிறுவனம் பழந்தாளைப் பெருமளவிற் பயன்படுத்தியது என்பதையும் நாம் மறத்தலாகாது. வணிக நலனும் பொது நலனும் இவ்விடத்து ஓரளவு ஒன்றுபட்டன. குறியும் காலப்போக்கில் எவரது தனியுடைமையுமன்றிப் பொதுச்சொத்தாயிற்று.

பொதுச்சொத்தாயிற்று என்பதே அதன் இடரும் ஆயிற்று. 1988இல் அமெரிக்கப் பிளாஸ்ரிக் உற்பத்தியாளர் சங்கம், பிசின் வகைகளைச் சுட்டும் எண்களை அவ்வம்புகளை ஒத்த முக்கோணத்துள் இட்டது. எண் சுட்டியது பொருளின் வகையை மட்டுமே. அம்புகளோ மீளப் பயன்படும் என்ற எண்ணத்தை மக்களிடையே வளர்த்தன. 2013இல்தான் அம்புகளுக்குப் பதிலாக வெறும் முக்கோணம் நியமமாக்கப்பட்டது. இருபத்தைந்து ஆண்டுகள் ஒரு குறி பொய்யுரைத்தது என்பது கடுமையான கூற்றாகத் தோன்றலாம். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை.

பீ.பீ. எண்ணெய் நிறுவனத்தின் கதை இன்னும் வெளிப்படையானது. அது 2000ஆம் ஆண்டில், நெடுங்காலம் வழங்கிய கேடய வடிவைக் கைவிட்டு, லண்டோர் நிறுவனம் ஆக்கிய பச்சையும் மஞ்சளும் கலந்த கதிரவ மலரை ஏற்றது. ‘பெற்றோலியத்துக்கு அப்பால்’ என்ற சுலோகமும் உடன் வந்தது. உற்பத்தியின் அடிப்படையோ எண்ணெயாகவே இருந்தது. 2010 ஏப்பிரல் 20இல் மெக்சிக்கோ வளைகுடாவில் ‘டீப்வோட்டர் ஹொறைசன்’ துளைமேடை வெடித்துப் பதினொரு தொழிலாளர் மாண்டனர். 87 நாட்கள் எண்ணெய் கடலிற் பெருகியது. அவ்வாண்டே கிறீன்பீஸ் இயக்கம் இவ்விலச்சினையை மாற்றி வரையுமாறு பொதுமக்களை அழைத்தது, அம்மலரே கேலிச்சித்திரமாயிற்று. கலைநோக்கில் அது குறைபாடுடைய வடிவமன்று. நன்கு வரையப்பட்டமையாலேயே அது நெடுநாள் நம்பப்பட்டது.

ஆகவே வரைபவர் முதலிற் கேட்கவேண்டியது நிறத்தையன்று. நிறுவனம் எதை, எதிலிருந்து, யாருடைய உழைப்பால் ஆக்குகின்றது என்பதையே. இதற்கு விடையில்லாதவிடத்தே இலையும் நீர்த்துளியும் பூமிப்பந்தும் வந்து நிரம்புகின்றன. எவர்க்கும் பொருந்தும் இலை எவரையும் அடையாளங்காட்டுவதில்லை. (அச்சுமையின் பச்சைக்குப் பெரிதும் பயன்படும் தலோசயனைன் நிறப்பொருள் செம்பும் குளோரீனும் கொண்டது என்பதையும் இடையே குறிப்பிடலாம்.)

சட்டமும் இத்திசையில் அசைந்துள்ளது. 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் நிறைவேற்றிய பணிப்புரையொன்று, சொற்களோடு படம், குறியீடு, நிறுவனப்பெயர் ஆகியவற்றையும் சூழல்சார் கூற்றாகக் கொள்ளலாமென வரையறுக்கின்றது. சான்றளிப்பு முறையையோ அரச அதிகார அமைப்பையோ ஆதாரமாகக் கொள்ளாத நிலைபேற்று முத்திரைகளை அது தடைசெய்கின்றது. உறுப்பு நாடுகள் அதனைச் செயற்படுத்தவேண்டிய நாளாக 2026 செப்டெம்பர் 27 விதிக்கப்பட்டுள்ளது.