கால் விழும் இடத்தில் கண்ணுக்கு வேலையில்லை

ஆலங்குளத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்: "நீச்சல், சைக்கிள், மலைப்பாதை ஓட்டம் என மூன்று பேர் பங்கிட்டுக்கொள்ளும் தொடர் போட்டிக்குத் தயாராகிறோம். ஓட்டம் என் பங்கு. 'வேறெதையும் நினைக்காதே, இந்தக் கணத்திலேயே இரு' என்கிறார் பயிற்சியாளர். கல்லும் வேருமாகக் கிடக்கும் இறக்கத்தில் அதை எப்படிச் செய்வது?"

பயிற்சியாளர் சொல்வது சரிதான். ஆனால் அந்தக் கணம் எவ்வளவு நீளம் என்பதையும் அவர் சொல்லியிருக்க வேண்டும். அதை அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

2018-இல் ஜொனாதன் மாத்திஸ், மேரி ஹேஹோ ஆகியோரின் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. கண் எங்கே பார்க்கிறது என்று பதிவுசெய்யும் கருவியையும், உடல் அசைவைப் பதிவுசெய்யும் உடையையும் மாட்டிச் சிலரைக் காட்டுப் பாதையில் நடக்கவிட்டார்கள். சமதளம், ஓரளவு கரடுமுரடு, பாறைகள் நிறைந்த ஓடை என மூன்று வகைத் தரை. தரை மோசமாக ஆக நடை மெதுவானது, பார்க்கும் தூரமும் குறுகியது. மாறாமல் நின்றது நேரம் ஒன்றுதான். இப்போது கண் பார்க்கும் இடத்துக்கு உடல் சுமார் ஒன்றரை வினாடியில் போய்ச் சேர்ந்தது. பாறை ஓடையில் அது ஏறக்குறைய இரண்டு அடிவைப்பு.

ஏன் இரண்டு? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். நடக்கும்போது நம் உடல் ஊன்றிய காலின் மேல் சாய்ந்து விழுந்துகொண்டே போகிறது. தலைகீழாக நிறுத்திய ஊசல் அது. எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் விழுவது என்பது, பின்கால் தரையை உந்தும் அந்த நொடியிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. பிறகு புவியீர்ப்பு மீதி வேலையைச் செலவில்லாமல் செய்துகொடுக்கும். மாத்திஸும் பிரெட் ஃபாஜெனும் முன்பு செய்த சோதனைகளில், தரையில் ஒளியால் காட்டிய மிதியிடங்களை வெவ்வேறு நேரங்களில் மறைத்துப் பார்த்தார்கள். கால் தூக்கிய பிறகு மறைத்தால் நடையில் பெரிய பாதிப்பில்லை. அதற்கு முந்தைய அடியின் பின்பாதியில் மறைத்தபோது குறி தவறியது. கால் இறங்கும்போது அந்தக் கல்லை முறைத்துப் பார்ப்பதால் பயனில்லை. அதற்கான முடிவு ஓரடி முன்பே எடுக்கப்பட்டுவிட்டது; அதற்கும் முன்பே பார்த்தாக வேண்டும் என்பதால்தான் கண் இரண்டடி முன்னால் போகிறது.

தையல்காரரைப் பாருங்கள். கைதேர்ந்தவர் ஊசி குத்தும் புள்ளியைப் பார்ப்பதில்லை. ஊசியை நோக்கி வந்துகொண்டிருக்கும் துணியின் விளிம்பில் அவர் பார்வை இருக்கும். மிதியை வேகமாக மிதித்தால் பார்வை இன்னும் தள்ளிப் போகும். ஜீன்ஸ் துணியின் தடித்த மடிப்பு வந்தால் கால் தானாக நிதானிக்கும், பார்வையும் கிட்டே வரும். கழுத்து வளைவில் திரும்பப்போவதை விரல்கள் முன்கூட்டியே அறிந்து துணியைச் சாய்த்துக் கொடுக்கும். முன்பு விட்ட கோணல் தையலைத் திரும்பிப் பார்த்தாரென்றால் அடுத்த நான்கு தையலும் கோணல்தான்!

அந்தத் திரும்பிப் பார்த்தல்தான் தொடர் போட்டியின் நோய். தனியாக ஓடுபவருக்குத் தன் கணக்கு மட்டும்தான். இங்கே சைக்கிள்காரர் இழந்த நிமிடங்கள், முன்னால் போன அணி, தோழிகளுக்குச் சொல்ல வேண்டிய பதில் எல்லாம் சேர்ந்து தலையில் ஓடும். நடையும் நினைப்பும் ஒரே கவனத்தைப் பங்குபோடுகின்றன. 1997-இல் 'லான்செட்' இதழில் வந்த சுவீடன் ஆய்வு ஒன்று, நடக்கும்போது பேச்சுக் கொடுத்தால் நின்றுவிடும் முதியவர்களே பின்னாளில் அதிகம் விழுகிறார்கள் என்று கண்டது. இளையவர்களுக்குக் கவனத்தின் கையிருப்பு அதிகம். ஆனாலும் களைத்த கால்களோடு ஈரப் பாறையில் இறங்கும்போது அந்தக் கையிருப்பு வேகமாகக் கரையும்.

தடகளத் தொடரோட்டத்தில் இந்தச் சிக்கல் குறைவு. 2023 ஆகஸ்டில் புடாபெஸ்ட் உலகப் போட்டியின் தகுதிச் சுற்றில் நம் ராஜேஷ் ரமேஷ் கடைசி ஆளாக ஓடி, 2 நிமிடம் 59.05 வினாடி என்ற அப்போதைய ஆசிய சாதனையோடு இந்திய 4x400 அணியை அமெரிக்காவுக்கு அடுத்த இடத்தில் சேர்த்தார். அங்கே தரை சமம். கண் எதிராளியின் முதுகில் இருக்கலாம். மலையில் அந்தச் சலுகை கிடையாது.

 பயிற்சியாளர் கேட்பதைப் போன்ற, செயலில் கரைந்துபோகும் அனுபவத்தைப் பற்றி உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி 1975-இல் புத்தகம் எழுதினார். பாறை ஏறுபவர்கள், சதுரங்கக்காரர்கள், அறுவை மருத்துவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதிய பொறுமையான வேலை அது. அந்த அனுபவத்தின் பெயரைச் சொல்லி இன்று விற்கப்படும் செயலிகளையும் வார இறுதி முகாம்களையும் நான் நம்பவில்லை. கல்லில் கால் வைப்பதைக் கல்லில்தான் பழக முடியும்.

மேலே சொன்ன அளவுகள் நடப்பவர்களுடையவை, அதுவும் சிறு குழு. ஓட்டத்துக்கு அவற்றை நீட்டுவது என் கணிப்பு. மணிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால் ஒன்றரை வினாடி என்பது ஏறத்தாழ 3 மீட்டர். 10 கிலோமீட்டர் வேகத்தில் 4 மீட்டர். வளைவோ புதரோ மறைத்து அவ்வளவு தூரம் தெரியவில்லையென்றால், தெரியும் தூரத்துக்கு வேகத்தைக் குறையுங்கள். குற்றாலச் சாரலில் நனைந்து பாசி பிடித்த பாறையில் இன்னும் குறையுங்கள். கண் சரியாகச் சொன்னாலும் பாசியில் கால் நிற்காது.

பழகுவதற்கு ஊர்ப்பக்கத்துப் பொத்தையும் வறண்ட ஓடையும் போதும். செண்பகாதேவி அருவிப் பாதைக்கு வனத்துறை அனுமதி இல்லாமல் போக வேண்டாம். முதலில் நடந்து இறங்குங்கள், கண் இரண்டு அடி முன்னால் போகப் பழகிய பிறகு ஓடுங்கள். கடிகாரத்தைத் தோழியிடம் கொடுத்துவிடுங்கள், பாதையில் அதற்கு வேலையில்லை. பயிற்சியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 'கணத்தில் இரு' என்று சொல்லும்போது, பார்வை எங்கே இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.