எல்லையூர் வீடும் குடிக்கூலிச் சட்டமும்

திருவனந்தபுரம் செல்லும் நெடுஞ்சாலையில் களியக்காவிளையைக் கடந்தால் இஞ்சிவிளை. சற்று அப்பால் பாறசாலை. பேச்சிலும் கொள்வினை கொடுப்பினையிலும் இருபுறத்தாரும் உறவினரே. ஆயினும் 1956 நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு முதலிய நான்கு தாலுக்காக்கள் சென்னை இராஜ்யத்தைச் சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. இன்று குடிக்கூலிச் சட்டமும் எல்லைக்கு இப்புறம் ஒன்று, அப்புறம் வேறொன்று.

மும்பையிலோ தில்லியிலோ தொழில் செய்யும் நம்மவர் பலர், பாறசாலை வீட்டைப் பூட்டி வைக்க மனமின்றிக் குடிக்கூலிக்கு விடுகின்றனர். யோசனை சொல்பவர் பெரும்பாலும் மார்த்தாண்டத்து மைத்துனர். அவர் அறிந்தது, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டம். எழுத்து ஒப்பந்தம், அதன் பதிவு, மூன்று மாத வாடகைக்கு மேற்படாத முன்பணம் ஆகியவை அதன் ஏற்பாடுகள். வீடு இருக்கும் மண்ணையே சட்டம் பின்தொடரும். உடையவர் பேசும் மொழியை அன்று. ஆகவே பாறசாலை வீட்டிற்கு அந்த யோசனை உதவாது.

கேரளத்தில் 1965-ஆம் ஆண்டின் கட்டடக் குத்தகை, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் உள்ளது. அது அறிவிக்கப்பட்ட பகுதிகளுக்கே பொருந்துமாதலின், நம் ஊர் அதில் அடங்குமா என்பதை முதலில் நெய்யாற்றின்கரை வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டறிதல் வேண்டும். அடங்காவிடில், மாதவாடகைக் குடியை நீக்க 15 நாள் அறிவிப்புத் தந்து உரிமையியல் நீதிமன்றம் செல்வதே பொது வழி.

அச்சட்டம் பொருந்தும் ஊரில் நம்மவர் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. பதினொரு மாதச் சீட்டு எழுதிவிட்டால் காலம் முடிந்ததும் வீடு கைக்கு வந்துவிடும் என்று நம்புகிறோம். தவணை முடிவது மட்டும் வெளியேற்றத்திற்குக் காரணமாகாது. சட்டம் கூறும் காரணங்களுள் ஒன்றை வாடகைக் கட்டுப்பாட்டு நீதிமன்றத்தில் மெய்ப்பித்தாக வேண்டும். ஓய்வு பெற்று ஊர் திரும்பும் உடையவர், தமக்கோ தம்மைச் சார்ந்த குடும்பத்தாருக்கோ வீடு மெய்யாகவே தேவை என்று காட்டலாம். ஆனால் அவ்வூரிலேயே அவர் கைவசம் வேறு வீடு இருப்பின், சிறப்புக் காரணம் சொல்லும் பொறுப்பு அவருடையது. திரும்பும் ஆண்டைக் கணக்கிட்டு முன்னரே முயலாதவர், சொந்த வீடிருக்க உறவினர் திண்ணையில் காத்திருக்க நேரும்.

வாடகை பாக்கிக்கும் முறையுண்டு. பதிவஞ்சலில் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அது கிடைத்த 15 நாட்களுக்குள் பாக்கியை நூற்றுக்கு ஆறு வட்டியுடனும் அஞ்சற் செலவுடனும் செலுத்தினால் வழக்கிற்கு இடமில்லை. தொலைபேசியில் கோபித்துக் கொள்வது அறிவிப்பாகாது. இசைவின்றி உள்வாடகைக்கு விட்டவருக்கும் முதன்முறை பதிவஞ்சல் அறிவிப்பும் 30 நாள் அவகாசமும் தரவேண்டும். சினங்கொண்டு தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவது சட்டத்தால் தடுக்கப்பட்டது; நியாயம் நம்பக்கம் இருந்தும் குற்றம் நம்மேல் வரும்.

இக்காகிதங்கள் பிறக்கும் நாள் வீடு விடும் நாளேயாகும். சீட்டு மலையாளத்தில் எழுதப்படுமாயின், வரிவரியாகப் பொருள் கேட்ட பின்னரே கையொப்பமிடுக. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையாயின் பதிவு செய்தல் கட்டாயம். குடியிருப்போர் எண்ணிக்கை, உள்வாடகைத் தடை, மின்கட்டணம் செலுத்துவோர் யார் என்பவை அதில் இருத்தல் நலம். வாடகை பெறும் உறவினருக்கு எழுத்தில் அதிகாரம் வேண்டும். அவர் மாதந்தோறும் இரசீது கொடுத்து அடிக்கட்டையை வைத்திருக்க வேண்டும். மின் இணைப்பு நம் பெயரில் இருப்பதால், குடியிருப்பவர் கட்டாத தொகைக்கான தாள் நம் பெயருக்கே வரும். அத்தாளை இருமாதத்துக்கு ஒருமுறை பார்த்துக் கொள்ளும்படியும் அவ்வுறவினரிடமே சொல்லி வைக்கலாம்.