புழுங்கல், குழைதல், விறைத்தல்: காவிரிப் படுகையின் சோற்றுச் சொற்களும் மாவுப்பொருளின் பெருமூலக்கூற்று நடத்தையும்

ஆய்வுச்சுருக்கம்

நெல்லைப் புழுக்குவதும், அரிசியைச் சோறாக்குவதும், சோறு ஆறிப் பழையதாவதும் மாவுப்பொருள் என்னும் பெருமூலக்கூற்றுப் பொருளில் நிகழும் மாற்றங்களாகும். மன்னார்குடி வட்டாரம் உள்ளிட்ட காவிரிப் படுகையில் இம்மாற்றங்களைக் குறிக்க வழங்கும் புழுங்கு, குழை, விறை ஆகிய வினைச்சொற்கள், ஆய்வுக்கூடம் பிரித்தறிந்த நிலைகளோடு எவ்வளவு பொருந்துகின்றன, எங்கே பொருந்தாது நிற்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பெருமூலக்கூறு, மாவுப்பொருள், புழுங்கல், குழைதல், விறைத்தல், கலைச்சொல்லாக்கம்

முன்னுரை

தமிழில் அறிவியல் கலைச்சொற்கள் பெரும்பாலும் பிறமொழிச் சொல்லின் உறுப்புகளைப் பெயர்த்து ஆக்கப்படுகின்றன. ஒரே பொருள் தமிழகத்தில் ‘பலபடி’ என்றும் இலங்கையில் ‘பல்பகுதியம்’ என்றும் வழங்குவது இம்முறையின் விளைவேயாகும். கண்ணுக்குப் புலப்படாத பொருள்களுக்கு இம்முறை தவிர்க்க இயலாதது. ஆனால், அன்றாடம் அடுப்படியிலும் களத்திலும் காணப்படும் நிகழ்வுகளுக்கும் இதுவே வழியா என்பது ஆராயத்தக்கது. நெல்லே வாழ்வாக அமைந்த திருவாரூர் மாவட்டத்து மன்னார்குடிப் பகுதி இவ்வினாவுக்கு ஏற்ற களமாகும்.

பெருமூலக்கூறும் மாவுப்பொருளும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர், மாவுப்பொருள் போன்றவை சிறு மூலக்கூறுகளின் திரட்சி என்றே பலர் கருதினர். அவை வேதிப்பிணைப்பால் தொடர்ந்த நீண்ட சங்கிலிகள் என்ற கருத்தை ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் ஸ்டாடிங்கர் 1920இல் முன்வைத்தார். கடும் எதிர்ப்பைக் கடந்து அக்கருத்து நிலைபெற்றது. 1953இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அரிசியின் மாவுப்பொருள் குளுக்கோஸ் அலகுகளால் ஆன இருவகைச் சங்கிலிகளைக் கொண்டது. பெரிதும் கிளையின்றி நீள்வது அமைலோஸ். கிளைத்துப் பரந்து மிகப் பெரியதாக அமைவது அமைலோபெக்டின். இவை சில மைக்ரோமீட்டர் அளவே உள்ள நுண்மணிகளாக அரிசிக்குள் செறிந்துள்ளன. அமைலோஸ் 25 விழுக்காட்டிற்கு மேற்பட்ட அரிசி உதிரியான சோற்றையும், அது குறைந்த அரிசி ஒட்டும் சோற்றையும் பொதுவாகத் தரும்.

இவ்விளக்கத்தை மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. ஆர். பட்டாச்சார்யாவும் அவர்தம் குழுவினரும் மேலும் கூர்மைப்படுத்தினர். மொத்த அமைலோஸைவிட, வெந்நீரில் கரையாது நிற்கும் பகுதியே சோற்றின் தன்மையோடு நெருங்கிய தொடர்புடையது என்று அவர்கள் காட்டினர். அமைலோபெக்டினின் நீண்ட கிளைச் சங்கிலிகளுக்கும் சோற்றின் இறுக்கத்திற்கும் உள்ள உறவு 1993இல் வெளிவந்த அவர்களது ஆய்வில் நிறுவப்பட்டது.

புழுங்குதல்

மாவுப்பொருள் வேகச் சூடும் நீரும் ஒருங்கே வேண்டும். போதிய நீர் இருப்பின், அரிசியின் வகையைப் பொறுத்து ஏறத்தாழ 55 முதல் 79 பாகை செல்சியசுக்குள் நுண்மணியின் ஒழுங்கமைவு குலைகிறது. நீர் குறையக் குறைய இதற்கு வேண்டும் வெப்பம் உயர்கிறது.

‘புழுங்கு’ என்னும் வினை இந்த இணைவையே உட்கொண்டிருக்கிறது. காற்றில் ஈரமும் வெப்பமும் சேர்ந்த நிலையைப் ‘புழுக்கம்’ என்பதும், நெல்லை நனைத்து ஆவியில் வேகவைப்பதைப் ‘புழுக்குதல்’ என்பதும் ஒரே வேரின. நீரில்லாச் சூட்டுக்கு ‘வறுத்தல்’, ‘பொரித்தல்’ எனும் வேறு சொற்கள் உள்ளன. சங்க இலக்கியத்திலும் ‘புழுக்கல்’ வெந்த உணவைக் குறிக்கிறது.

புழுங்கலரிசியின் இயல்பும் இவ்வகையிலேயே விளங்கும. வெந்த மாவுப்பொருள் மணியிலுள்ள வெடிப்புகளையும் இடைவெளிகளையும் நிரப்புகிறது. பால்வெள்ளை மறைந்து அரிசி கண்ணாடி போல் ஒளி ஊடுருவுகிறது. அரைக்கும்போது நொய் குறைகிறது. தவிட்டுப் பகுதியிலுள்ள தயமின் ஓரளவு உட்செல்வதால் தீட்டிய பின்னும் எஞ்சுகிறது.

குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்தை ஒட்டி அமைவதால், ஈர நெல்லைக் காப்பது படுகையின் நெடுநாள் சிக்கலாகும். மன்னார்குடிக்கு அண்மையிலுள்ள திருவாரூரில் நவீன அரிசி ஆலையைச் சார்ந்து 1967இல் தோன்றிய ஆய்வுக்கூடம், 1972இல் நெல் பதப்படுத்தல் ஆராய்ச்சி மையமாக வளர்ந்தது. பின்னர் தஞ்சாவூருக்குப் பெயர்ந்து, இன்று தேசிய அளவிலான உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக இயங்குகிறது. அழுத்த நீராவியால் புழுக்கும் முறை இம்மையத்தின் பணிகளுள் ஒன்றாகும்.

தண்ணீரில் ஒன்று முதல் மூன்று நாள் நெல்லை ஊறவைத்தால் நொதித்து நாற்றம் தோன்றும். மைசூர் நிறுவனம் வகுத்த முறையில் ஏறத்தாழ 70 பாகை வெந்நீரில் மூன்று, நான்கு மணி நேரம் ஊறினாலே போதும். வெப்பம் இன்னும் மிகுந்தால் ஊறும்போதே மாவுப்பொருள் வெந்து நெல் வாய்பிளக்கும்.

குழைதல்

புழுங்கிய நுண்மணி மேலும் நீருறிஞ்சி வீங்க, அமைலோஸ் வெளியேறி நீரில் கலக்கிறது. வடிகஞ்சியின் கொழகொழப்புக்கு இதுவே காரணம். நெசவுப் பாவுக்கும் துணிக்கும் கஞ்சி போடுகையில் மெல்லிய படலமாகப் படிவதும் இச்சங்கிலிகளே. நுண்மணி முற்றும் சிதைந்து உருவிழந்த நிலையே ‘குழைதல்’. அரிசி வெந்தும் குழையாதிருக்கலாம். ஆகவே வேதலும் குழைதலும் ஒன்றல்ல. ‘பதமாக வெந்தது’, ‘குழைந்துவிட்டது’ என்று அடுப்படி வேறுபடுத்தும் இரு நிலைகளை ஆய்வுக்கூடமும் இரண்டாகவே அளக்கிறது. பழைய அரிசி உதிர்வதும் புது அரிசி குழைவதும் இதே அளவீட்டில் வெளிப்படுகின்றன.

விறைத்தல்

சோறு ஆறுகையில் விரிந்து கிடந்த சங்கிலிகள் மீண்டும் நெருங்கி ஒழுங்குபடுகின்றன. அமைலோஸ் சில மணி நேரத்திலும் அமைலோபெக்டின் சில நாட்களிலும் இந்நிலையை எய்துகின்றன. இதன் ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘பின்னடைவு’ எனவரும். பழைய நிலைக்கே மாவுப்பொருள் திரும்புகிறது என்ற தவறான எண்ணத்தை அது விளைவிக்கும். உருவாவது மூல நுண்மணி அன்று, புதியதோர் ஒழுங்கு. ‘சோறு விறைத்துவிட்டது’ என்னும் வழக்கில் அத்தகைய பிழை இல்லை.

இவ்விடத்து ஓர் இலக்கணக் கூறும் கருதத்தக்கது. புழுங்கு–புழுக்கு, ஆறு–ஆற்று ஆகியவை தன்வினை, பிறவினை இணைகள். ‘குழை’ என்பதும் குழைந்தது, குழைத்தான் என இருவகையிலும் நிற்கும். இச்செயல்கள் தாமும் நிகழும். ஒருவர் நிகழ்த்தவும் கூடும். சோற்றைப் பொறுத்தவரை ‘விறை’ தன்வினையாகவே வழங்குகிறது. சோற்றை ஒருவர் ஆற்றலாம்; விறைப்பது அதன் இயல்பு. ஆறிய நிலையில் சங்கிலிகள் தாமே ஒழுங்குபடுவதோடு இவ்வழக்கு ஒத்துநிற்கிறது. எனினும் இவ்வொப்புமையை மொழி அறிவியலை முன்னறிந்ததற்குச் சான்றாகக் கொள்ளலாகாது.

பொருத்தத்தின் எல்லை

முன்னோர் மூலக்கூற்றை அறிந்திருந்தனர் என்று இச்சொற்களைக் கொண்டு வாதிடுவது பிழையாகும். சொற்கள் பெயரிட்டது மணியின் நடத்தையை. சங்கிலி எனும் கருத்து 1920க்குப் பிற்பட்டது. மேலும், சில வேறுபாடுகளைச் சொற்கள் காட்டுவதில்லை. விறைத்த சோற்றைச் சூடாக்கினால் அமைலோபெக்டின் ஒழுங்கு ஏறத்தாழ 60 பாகையில் நெகிழ்ந்து சோறு இளகும். அமைலோஸின் ஒழுங்கோ 100 பாகையைக் கடந்தும் நிலைக்கும். இரண்டுக்கும் ‘விறைப்பு’ எனும் ஒரே சொல்லே உள்ளது.

பழையது பற்றிய கூற்றுகளிலும் இதே எச்சரிக்கை தேவை. விறைத்த மாவுப்பொருளின் ஒரு பகுதி சிறுகுடலில் செரியாது பெருங்குடலை அடைந்து, அங்குள்ள நுண்ணுயிரிகளுக்கு உணவாகிறது என்பது நிறுவப்பட்ட செய்தி. ஆனால் அது சோற்றின் சிறு பகுதியே. நீராகாரத்தின் புளிப்பு நொதித்தலால் வருவது. இரண்டையும் கலந்து பழையதை அனைத்து நோய்க்கும் மருந்தாக்குவது ஆய்வாகாது.

முடிவுரை

நீரோடு கூடிய சூட்டால் ஒழுங்கு குலைவதற்குப் ‘புழுங்கல்’, நுண்மணி சிதைவதற்குக் ‘குழைதல்’, ஆறியபின் சங்கிலிகள் ஒழுங்குபடுவதற்கு ‘விறைத்தல்’ என்று வரையறுத்துக் கொள்வது தெளிவு தரும். விறைத்தலின் இரு கூறுகளை ‘அமைலோஸ் விறைப்பு’, ‘அமைலோபெக்டின் விறைப்பு’ என அடைகொடுத்துப் பிரிக்கலாம். வழக்குச் சொல்லை வரையறையின்றி எடுத்தாள்வதும், வழக்கை நோக்காது புதுச்சொல் ஆக்குவதும் ஒருங்கே குறையுடையன. ஆலையும் களமும் மாறிவரும் சூழலில் இச்சொற்கள் வழக்கிழக்கும் முன், அவற்றின் பொருள் எல்லையை வட்டாரந்தோறும் பதிவுசெய்வது தமிழாய்வின் கடமையாகும்.